வீட்டுக்கு எலக்ட்ரிக் மீட் ஸ்லைசர் வாங்கப் போறீங்களா? கழுவுறதை முதல்ல யோசிங்க

எங்க வீட்ல இப்ப ஓடிட்டு இருக்கறது ரெண்டாவது ஸ்லைசர். முதல்ல வாங்கினது எட்டு மாசத்துல போயிடுச்சு, இது நாலு வருஷமா ஓடுது. நியூஜெர்சில இருக்கோம், பக்கத்துல இருக்கற நண்பர்கள்ல யார் ஸ்லைசர் வாங்கணும்னு நெனச்சாலும் எனக்கு போன் பண்ணி எத்தன வாட்ஸ் பாக்கணும், எத்தன இன்ச் பிளேடுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. நான் திருப்பி கேக்கறது ஒண்ணே ஒண்ணு, கறி வெட்டி முடிச்சு ராத்திரி பத்து மணிக்கு அத கழட்டி கழுவி தொடச்சு மாட்ட உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு பாத்தீங்களா? ஏன்னா இந்த மெஷின வாங்கிட்டு பேஸ்மென்ட்ல போட்டு வெச்சிருக்கற மூணு வீடு எனக்கு தெரியும், மூணுலயும் மெஷின் நல்லாத்தான் ஓடுது, கழுவ முடியாமத்தான் உள்ள போச்சு.

மொதல்ல இது எதுக்கு உதவும் எதுக்கு உதவாதுங்கறத தெளிவா சொல்லிடறேன். நம்ம குழம்புக்கு, பிரியாணிக்கு, சுக்காவுக்கு வெட்டுற மாதிரி எலும்போட துண்டு போடறதுக்கு ஸ்லைசர் ஆகவே ஆகாது. ஹலால் கடையில ஆட்ட துண்டு போட வெச்சிருக்காங்களே, நெட்டுக்குத்தா ரம்பம் மாதிரி ஓடுற மெஷின், அது பேண்ட் சா. அது வேற ஜாதி, எலும்பையும் கல்லு மாதிரி உறஞ்ச கறியையும் அறுக்கும். ஸ்லைசர்ல இருக்கறது மெல்லிசான வட்ட பிளேடு, எலும்பு பட்டா பல்லு போயிடும் இல்ல வளஞ்சிடும். எலும்பில்லாத கறிய ஒரே கனத்துல மெல்லிசா சீவறதுக்குத்தான் இது. பசங்க லஞ்ச் பாக்ஸ்ல வெக்கிற டர்கி (வான்கோழி), சிக்கன் பிரெஸ்ட், கொதிக்கற சூப்ல கறிய முக்கி சாப்பிடற ஹாட் பாட், மசாலால ஊற வெச்சு சுடற கொரியன் புல்கோகி, வீட்ல போட்ட ரோஸ்ட், அப்புறம் எங்க வீட்ல முக்கியமா உப்புக்கண்டம். கறி இல்லாம பாத்தா ரொட்டி, சீஸ், முட்டைகோஸ்.

எங்களுக்கு தேவை வந்ததே டர்கியாலதான். கடையில பாக்கெட்ல விக்கிற டர்கி ஸ்லைஸ்ல உப்பு ரொம்ப ஜாஸ்தி, ரெண்டு பசங்களும் தினமும் அத தின்னுட்டு இருந்தாங்க. நானே ஒரு டர்கி பிரெஸ்ட் வாங்கி மிளகு, பூண்டு, கொஞ்சம் உப்பு தடவி ஓவன்ல வெச்சு எடுத்து கத்தியால வெட்டினா ஒரு பக்கம் தடிமனா ஒரு பக்கம் பேப்பரா வந்துச்சு, தடிமனா இருக்கறத பசங்க அப்படியே திருப்பி கொண்டு வந்துடுவாங்க. மாசத்துக்கு ரெண்டு தடவையாவது இப்படி வெட்ற வேலை இருந்தா மெஷின் வாங்குங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, யாராவது விருந்தாளி வரும்போது மட்டும்னா வேண்டாம், அதுக்கு நீளமான நல்ல கத்தி ஒண்ணு, கறிய அரை உறைச்சலா ஃபிரீசர்ல வெச்சு எடுத்து வெட்டுங்க, போதும். எச் மார்ட் மாதிரி கொரியன் கடைகள்ல ஹாட் பாட்டுக்கு சீவினதாவே கிடைக்குது.

சரி வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சுன்னா பிளேடு சைஸ்ல இருந்து ஆரம்பிப்போம்.

வீட்டுக்குன்னு வர்றது பெரும்பாலும் 7 இல்ல 7.5 இன்ச் பிளேடு. அதுக்கு மேல 9, 10, கடைகள்ல 12 இன்ச் வரைக்கும். இதுல எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா 7.5 இன்ச் பிளேடுன்னா 7.5 இன்ச் உயர கறிய வெட்டும்னு நினைக்கறது. பிளேடோட நடு பாகம் மோட்டார் பக்கத்துல மாட்டி இருக்கு, கீழ் பாகம் உடம்புக்குள்ள மறஞ்சிருக்கு, அதனால நிஜமா வெட்டுற உயரம் அத விட நல்லா கம்மி. 7.5க்கு அஞ்சு அஞ்சரை, 10 இன்ச்சுக்கு ஏழு பக்கம்னு மனசுல வெச்சுக்கோங்க. காஸ்ட்கோல வலை போட்டு சுத்தி வெச்சிருக்கற எலும்பில்லாத ஆட்டுத்தொடை இருக்கு பாருங்க, அத முழுசா வெச்சு வெட்டணும்னா சின்ன மெஷின் பத்தாது. ஆனா அத ஏன் முழுசா வெக்கணும்? வலைய பிரிச்சு தசை தசையா பிரிச்சா மூணு நாலு துண்டா வரும், ஒவ்வொண்ணும் 7.5 இன்ச் மெஷின்ல அழகா உக்காரும், நடுவுல இருக்கற கொழுப்பையும் சவ்வையும் எடுத்துடலாம். பத்து இன்ச் மெஷின் பதினஞ்சு கிலோ பக்கம் இருக்கும், ஒவ்வொரு தடவையும் கப்போர்டுல இருந்து தூக்கி வெக்க முடியாது, கவுண்டர்லயே நிரந்தரமா இடம் கொடுக்கணும். வேட்டைக்கு போய் மான் கறி கொண்டு வர்றவங்களுக்கு, இல்ல மாசத்துக்கு இருபது முப்பது பவுண்டு பண்றவங்களுக்கு அது சரி. நாலு பேர் இருக்கற குடும்பத்துக்கு 7.5 தாராளம்.

பிளேடுல ரெண்டு வகை. பல்லு பல்லா இருக்கறது ஒண்ணு, வழவழன்னு விளிம்பு இருக்கறது ஒண்ணு. பல்லு பிளேடு ரொட்டி, மேல் தோல் முறுமுறுன்னு இருக்கற ரோஸ்ட், அரை உறைச்சலா இருக்கற பச்சை கறிக்கெல்லாம் நல்லா புடிக்கும், ஆனா வேக வெச்ச டர்கிய மெல்லிசா வெட்டினா ஓரம் பிஞ்சு பிஞ்சு வரும், தூளும் விழும். வழவழ பிளேடு அந்த டர்கிய பட்டு மாதிரி சீவும். நிறைய 7.5 இன்ச் மாடல்ல ரெண்டும் சேத்தே கொடுக்கறாங்க, அந்த மாதிரியே வாங்குங்க. இன்னொரு காரணமும் இருக்கு, எங்கம்மா ஊர்ல இருந்து வந்து ஆறு மாசம் தங்கும்போது புரட்டாசி, அமாவாசைன்னு சைவமா இருப்பாங்க, கறி வெட்டின பிளேடுல முட்டைகோஸ் வெட்டினா தொட மாட்டாங்க. அதனால எங்க வீட்ல வழவழ பிளேடு ரெண்டு, அதுல ஒண்ணு காய்க்கு மட்டும், தனி டப்பால தனி அலமாரில. அதே மாதிரி கறி வெச்சு தள்ளுற தட்டையும் அம்மா இருக்கும்போது கொதிக்கற தண்ணி ஊத்தி கழுவித்தான் காய்க்கு எடுப்போம். வீட்ல சைவம் சாப்பிடறவங்க இருந்தா இத வாங்கறதுக்கு முன்னாடியே பேசிக்கறது நல்லது, கூடுதல் பிளேடு தனியா கிடைக்கற மாடலான்னு பாருங்க.

பிளேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கணும். பெரிய மெஷின்ல கார்பன் ஸ்டீல்ல குரோம் பூசினது வரும், அது நல்ல கூர்மையா நிக்கும், ஆனா ஈரத்தோட விட்டா பூச்சு போன எடத்துல துரு பிடிக்கும், கழுவின உடனே தொடச்சே ஆகணும். பல்லு பிளேட வீட்ல சாணை பிடிக்க முடியாது, மழுங்கினா புதுசுதான். வழவழ பிளேட பிடிக்கலாம், பத்து இன்ச் மாடல்கள்ல மேலயே ரெண்டு கல்லு மாட்டி கொடுத்திருப்பாங்க, ஒரு கல்லு விளிம்ப தீட்டும், இன்னொண்ணு பின்னாடி நிக்கற பிசிற எடுக்கும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி மாத்து பிளேடு விலைக்கு கிடைக்குதான்னு தேடுங்க. பேர் தெரியாத பிராண்ட்ல அடுத்த வருஷம் ஆன்லைன்ல அத விக்கிற பக்கமே காணாம போயிடும், அப்புறம் மழுங்கின பிளேடோட மெஷின தூக்கி போட வேண்டியதுதான்.

இப்ப வாட்ஸ். இதப் பத்திதான் எல்லாரும் பேசறாங்க, ஆனா வாங்கும்போது இது முதல் விஷயமே இல்ல. சின்ன மெஷின்ல 150, 200 வாட்ஸ்னு போட்டிருக்கும், பத்து இன்ச்ல 240க்கு மேல. ஜெர்மனில ரிட்டர் (Ritter) அப்படின்னு ஒரு கம்பெனி, அவங்க வீட்டு மெஷின் சிலதுல மோட்டார் 65 வாட்ஸ்தான், பிளேடு 17 சென்டிமீட்டர், அது ரொட்டி ஹாம் எல்லாம் அலட்டிக்காம வெட்டும். அங்க இத எல்லாத்தையும் வெட்டுற மெஷின்ங்கற அர்த்தத்துல அல்லெஸ்ஷ்னைடர் (Allesschneider) அப்படின்னு சொல்வாங்க, ஜெர்மனி சுவிஸ்ல இருக்கற நம்ம ஆளுங்க அந்த பேர்ல தேடினா கிடைக்கும். அதாவது பிளேடு கூர்மையா, கியர் நல்லதா, தட்டு ஆடாம இருந்தா கம்மி வாட்ஸே போதும். பெரிய நம்பர் போட்டிருந்தும் உள்ள பிளாஸ்டிக் கியர் இருந்தா என்ன ஆகும்ங்கறது என் முதல் மெஷின்ல பாத்தேன். கிறிஸ்துமஸ் லீவுல பத்து பேர் வர்றாங்கன்னு அவசரத்துல, ஃபிரீசர்ல ராத்திரி முழுக்க கல்லா இருந்த கறிய எடுத்து அப்படியே வெச்சு அழுத்தி தள்ளினேன், ரெண்டு நிமிஷம் முனகிச்சு, அப்புறம் மோட்டார் சத்தம் மட்டும் கேக்குது பிளேடு சுத்தல. திறந்து பாத்தா வெள்ளை நிற பிளாஸ்டிக் கியர்ல நாலு பல்லு மழுங்கி போயிருந்துச்சு. பண்ணது நான்தான், கல்லு மாதிரி இருக்கறத வெட்டக் கூடாதுன்னு மேனுவல்லயே இருந்திருக்கு, ஆனா அந்த கியர் தனியா எங்கயும் கிடைக்கலங்கறதுதான் எனக்கு வருத்தம். பெரிய மாடல்கள்ல பெல்ட்ல ஓடும், தாங்க முடியாத லோடு வந்தா பெல்ட்டு வழுக்கும், கியர் மாதிரி உடையாது, மாத்தறதும் சுலபம்.

எத்தன வாட்ஸ்ங்கறத விட எவ்ளோ நேரம் விடாம ஓட்டலாம்ங்கறத பாருங்க. வீட்டு மெஷின்ல அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் ஓட்டிட்டு ஆற விடுங்கன்னு போட்டிருப்பாங்க, ஜெர்மன் மெஷின்ல அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயே KB 5 min அப்படின்னு அடிச்சிருக்கும், தொடர்ந்து அஞ்சு நிமிஷம் மட்டும்ங்கறதுதான் அர்த்தம். அஞ்சு நிமிஷத்துல ரெண்டு டர்கி பிரெஸ்ட் வெட்டி முடிச்சிடலாம், அதனால பயப்பட வேண்டாம், ஆனா பத்து பவுண்டு உப்புக்கண்டம் போடறவங்க நடுவுல நிறுத்தி ஆற விட்டுத்தான் ஓட்டணும்.

இங்க வாங்கி ஊருக்கு எடுத்துட்டு போகலாமான்னு கேக்கறவங்க நிறைய. வேண்டாம். அமெரிக்காவுல 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊர்ல 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். நேரா சொருகினா மோட்டார் புகைஞ்சிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வெச்சா வோல்டேஜ் எறங்கும், ஆனா ஹெர்ட்ஸ் மாறாது, ஹெர்ட்ஸ பொறுத்து வேகம் மாறுற இண்டக்ஷன் மோட்டாரா இருந்தா ஆறுல அஞ்சு பங்கு வேகத்துலதான் சுத்தும், சூடும் ஏறும்.

பெரிய மாடல் பாக்கறவங்களுக்கு ஒண்ணு, யுஎல் இல்ல இடிஎல் முத்திரை இருந்தா கரண்ட் பாதுகாப்பு டெஸ்ட் பண்ணதுன்னு அர்த்தம், என்எஸ்எஃப் முத்திரை சுத்தமா கழுவ முடியற மாதிரி செஞ்சிருக்காங்கங்கறதுக்கு. ரெண்டும் வேற வேற. ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்கும்னு நெனச்சுக்காதீங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கறதுக்கு வரேன், கழுவறது.

பச்சை கறியோட கொழுப்பும் சாறும் பிளேடுக்கு பின்னாடி போய் உக்காரும். வெட்டும்போது தெரியாது, கழட்டி பாத்தாத்தான் தெரியும். லிஸ்டீரியான்னு ஒரு கிருமி இருக்கு, மத்த கிருமி மாதிரி ஃபிரிட்ஜ் குளிர்ல அடங்காது, அந்த குளிர்லயும் வளரும், கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் வயசானவங்களுக்கும் ரொம்ப ஆபத்து. கறி, சீஸ் எல்லாம் சீவி விக்கிற டெலி கடைகள்ல ஸ்லைசர் மூலமா பரவறதுன்னு அதிகமா பேசறது இதத்தான். இங்க கடைகளுக்கான உணவு விதியில சாதாரண ரூம் சூட்டுல ஓடிட்டு இருக்கற ஸ்லைசர நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கழுவணும்னு இருக்கு. வீட்ல நாம ஒவ்வொரு தடவையும் வெட்டி முடிச்ச உடனே கழுவணும், காலைல பாத்துக்கலாம்னு விடவே கூடாது.

அதனால வாங்கும்போது பிளேடு டூல் இல்லாம கையால கழலுதா, கறி தட்டு மொத்தமா வெளிய வருதா, உடம்புல சந்து பொந்து, திறந்த ஸ்குரூ, தையல் போட்ட மாதிரி இணைப்பு எவ்ளோ இருக்குன்னு போட்டோவ பெருசாக்கி பாருங்க. பிளேடு கழட்ட ஸ்குரூடிரைவர் வேணும்னா அந்த மாடல விட்டுடுங்க, பேஸ்மென்ட்ல கிடக்கற மூணுல ஒண்ணு அப்படித்தான் அங்க போச்சு. யூடியூப்ல வெட்டுற வீடியோ நூறு இருக்கும், கழட்டி மாட்டுற வீடியோ ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், அந்த ஒண்ணு ரெண்ட தேடி பாருங்க.

கழுவுற முறை எங்க வீட்ல இப்படி. மொதல்ல பிளக்க புடுங்கணும், சுவிட்ச் ஆஃப் மட்டும் போதாது. கனம் வெக்கிற டயல பூஜ்யத்துல வெச்சா, வெட்டும்போது கறி சாஞ்சு நிக்கற தடுப்பு தகடு பிளேடு விளிம்போட ஒட்டி வந்து அத மூடிக்கும். அப்புறம் தட்டு, கறிய அழுத்துற புஷர் ரெண்டையும் எடுத்துட்டு பிளேடு நடுவுல இருக்கற லாக்க திருப்பணும், சில மாடல்ல அது சாதாரண திருகுக்கு எதிர்ப்பக்கம் கழலும், வேகமா தப்பா திருப்பி கை வழுக்கினா விரல் பிளேடு மேல போகும், அதனால மேனுவல ஒரு தடவை படிச்சிட்டு தொடுங்க. பிளேட தொடைக்கும்போது துணி நடுவுல இருந்து வெளிய போகணும், விளிம்பு ஓரமா வட்டமா தொடைக்கவே கூடாது. சிங்க்ல சோப்பு தண்ணிக்குள்ள பிளேட போட்டு வெக்காதீங்க, அடுத்து கை விடறவங்களுக்கு தெரியாது. என் நண்பர் ஒருத்தருக்கு கட்டை விரல்ல நாலு தையல் இப்படித்தான் வந்துச்சு, மெஷின் ஓடவே இல்ல அப்போ.

சோப்பு போட்டு கழுவின அப்புறம், ஒரு காலன் தண்ணிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வாசனை இல்லாத பிளீச் கலந்து தொடச்சு சில நிமிஷம் விட்டுட்டு நல்ல தண்ணில தொடச்சு காய விடுங்க. அலுமினிய பாகங்கள டிஷ்வாஷர்ல போடாதீங்க, அந்த சோப்போட காரத்துல கருத்து போய் கையில சாம்பல் மாதிரி ஒட்டும், திருப்பி பழைய நிறம் வராது. தட்டு ஓடற கம்பிக்கு சமையல் எண்ணெய் போடாதீங்க, நாள்பட பிசுபிசுன்னு பிசின் மாதிரி ஆயிடும். ஃபுட் கிரேட் மினரல் ஆயில் ரெண்டு சொட்டு, அவ்ளோதான்.

பாதுகாப்புன்னு வந்தா, அமெரிக்காவுல 18 வயசுக்கு கீழ இருக்கறவங்கள வேலைக்கு வெச்சு கடையில மீட் ஸ்லைசர ஓட்டவும் விடக்கூடாது, கழுவவும் விடக்கூடாதுன்னு ஃபெடரல் சட்டமே இருக்கு. வீட்டுக்கு அந்த சட்டம் வராது, ஆனா எங்க பசங்களுக்கு நான் அதையே விதியா வெச்சிருக்கேன், பெரியவனுக்கு பதினாலு வயசு, கிச்சன்ல எல்லாம் செய்வான், இத மட்டும் தொட மாட்டான். சைல்ட் லாக் இருக்கற மாடல், ரெண்டு பட்டன் சேத்து அழுத்தினாத்தான் ஓடற மாடல், அழுத்தி பிடிச்சா மட்டும் ஓடி கை எடுத்தா நிக்கற மாடல் எல்லாம் இருக்கு. சின்ன பசங்க இருக்கற வீட்ல இது இல்லாம வாங்காதீங்க, அம்பது டாலர் கம்மியா கிடைச்சாலும். அடுத்து கட் ரெசிஸ்டன்ட் கிளவுஸ். இத போட்டா ஓடற பிளேடு பக்கத்துல தைரியமா கை வெக்கலாம்னு நினைக்காதீங்க. பிளேட கழட்டி கழுவும்போதுதான் அது காப்பாத்தும், ஓடற பிளேடுல அது மாட்டினா கையையும் சேத்து உள்ள இழுக்கும். ஓடும்போது கையும் பிளேடும் சந்திக்காம பாத்துக்கறது புஷர்தான். கறி சின்னதாகி கடைசி துண்டு வந்ததும் கையால பிடிச்சு தள்ளத் தோணும், அந்த துண்ட எடுத்து கத்தியால வெட்டிக்கோங்க, இல்ல குழம்புல போட்டுடுங்க.

பெட்டி வந்ததும் ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க, நான் ரெண்டாவது மெஷினுக்கு இப்படித்தான் பண்ணேன், ஒண்ண திருப்பியும் அனுப்பினேன். கவுண்டர ஈரத்துணியால தொடச்சு மெஷின வெச்சு அழுத்தி ரப்பர் கால் ஒட்டுதான்னு பாருங்க, கிரானைட்ல ஒட்டும், டைல்ஸ் இடுக்கு வந்தா ஒட்டாது. எதுவும் வெக்காம ஒரு நிமிஷம் ஓட விட்டு பிளேடு அலையுதான்னு பக்கவாட்டுல இருந்து பாருங்க, காதால கேளுங்க, சீரான சத்தமா இல்ல கடகடன்னு வருதான்னு. அப்புறம் பெரிய உருளைக்கிழங்கு ஒண்ண ரெண்டு எம்எம்ல பத்து ஸ்லைஸ் வெட்டி வெளிச்சத்துல பிடிங்க. மேல கனமா கீழ மெல்லிசா வந்தா தடுப்பு தகடு அழுத்தத்துல வளையுதுன்னு அர்த்தம், அது பிளாஸ்டிக்கா இருந்தா எப்பவும் அப்படித்தான் இருக்கும், சரி பண்ண முடியாது, அனுப்பிடுங்க. தகடும் தட்டும் அலுமினியமோ ஸ்டீலோ இருந்தா பெரும்பாலும் இந்த தொல்லை வராது.

விலை பத்தி கேட்டா, 7.5 இன்ச்ல ஓரளவு நல்லது நூறு டாலர் பக்கத்துல கிடைக்கும், பத்து இன்ச் மெட்டல் பாடின்னா முந்நூறு பக்கம் போகும். அறுபது டாலருக்கு வர்றதெல்லாம் உள்ள என்ன இருக்குன்னு எனக்கு அனுபவம் ஆயிடுச்சு.

மெஷின் எவ்ளோ நல்லதா இருந்தாலும் கறிய சரியா தயார் பண்ணலன்னா ஸ்லைஸ் வராது. பச்சை கறி ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே வெச்சா நெளியும், பிளேடு இழுக்கும், கந்தலா வரும். ஃபிரீசர்ல ஒண்ணுல இருந்து ரெண்டு மணி நேரம் வெச்சு, விரலால அழுத்தினா மேல் பக்கம் கெட்டியா, உள்ள லேசா அமுங்கற மாதிரி இருக்கும்போது எடுக்கணும். கல்லா உறஞ்சது இருந்தா முந்தின நாள் ராத்திரியே ஃபிரீசர்ல இருந்து கீழ ஃபிரிட்ஜுக்கு இறக்கி வெச்சு அந்த பதத்துக்கு கொண்டு வாங்க. வேக வெச்ச டர்கி, ரோஸ்ட்டெல்லாம் சூட்டோட வெட்டாதீங்க, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல இருந்து நல்லா குளிர்ந்து இறுகினா ஒண்ணரை எம்எம்ல கூட உடையாம வரும். ஒரே நாள்ல வெந்ததும் பச்சையும் வெட்டணும்னா வெந்தத முதல்ல முடிச்சிடுங்க, பச்சைய கடைசில, அதுக்கப்புறம் முழுசா கழுவறது.

கனம் எவ்ளோங்கறது சமையல பொறுத்தது. ஹாட் பாட்டுக்கு ஒண்ணரைல இருந்து ரெண்டு எம்எம், புல்கோகிக்கு மூணு வரைக்கும், பசங்க சாண்ட்விச்சுக்கு நான் ஒண்ணரை வெக்கிறேன், ரொட்டிக்கு பத்து பன்னெண்டு. டயல்ல இருக்கற நம்பர் பெரும்பாலும் எம்எம் கிடையாது, அது சும்மா அடையாளம்தான், முதல் தடவை ரெண்டு மூணு நம்பர்ல வெட்டி ஸ்கேல வெச்சு அளந்து ஒரு பேப்பர்ல எழுதி மெஷின் அடியில ஒட்டிடுங்க. வெட்டும்போது கறிய பிளேடு மேல போட்டு அமுக்காதீங்க, புஷர்ல லேசா தகட்டோட சாய்ச்சு தட்ட முன்னும் பின்னும் சீரா நகத்துங்க, அறுக்கறது பிளேடோட வேலை. 1898ல ராட்டர்டாம்ல வான் பெர்கல்ங்கற கசாப்புக்காரர் முதல் ஸ்லைசர செஞ்சப்போ மோட்டாரே கிடையாது, கையால சக்கரத்த சுத்தினா பிளேடு சுத்தும், தட்டும் கூடவே போய்ட்டு வரும். இன்னிக்கும் நம்ம கை பண்றது அந்த போய்ட்டு வர்ற வேலைதான், அது சீரா இருந்தா ஸ்லைசும் சீரா இருக்கும்.

கறியில நரம்பு, அதாவது தசை நார், போற திசைய பாத்து வைங்க. குறுக்க வெட்டினா மிருதுவா இருக்கும், ஹாட் பாட்டுக்கும் சாண்ட்விச்சுக்கும் அதுதான். உப்புக்கண்டத்துக்கு மட்டும் நான் நரம்போட நீளவாட்டுல வெட்டுவேன், ஏன்னா எங்க ஊர் சிவகங்கை பக்கம் கறிய நீள நீளமா கிழிச்சு உப்பு மஞ்சள் மிளகாய்த்தூள் தடவி நூல்ல கோத்து வெயில்ல தொங்க விடுவாங்க, குறுக்க வெட்டினது நூல்ல நிக்காம பிஞ்சு விழுந்துடும். அஞ்சு எம்எம் கனம், எல்லா துண்டும் ஒரே கனமா இருக்கறதால எல்லாம் ஒரே நேரத்துல காயும், கத்தியால வெட்டினப்போ தடிமனானது உள்ள ஈரமா நின்னு பூசணம் பிடிச்சது எங்க பாட்டி காலத்துல இருந்து இருக்கற பிரச்சனை. நியூஜெர்சி வெயில நம்ப முடியாது, அதனால டீஹைட்ரேட்டர்தான். ஒண்ணு மட்டும் விடாதீங்க, வெறும் டீஹைட்ரேட்டர் சூடு கிருமிய கொல்ல பத்தாது, அதனால காய வெக்கறதுக்கு முன்னாடி கறி உள்ள 160 டிகிரி ஃபாரன்ஹீட் வர்ற வரைக்கும் ஓவன்லயோ ஸ்டீம்லயோ சூடு பண்ணிக்கணும்னு இங்க விவசாயத்துறை சொல்லுது, சிக்கன் டர்கின்னா 165. தெர்மாமீட்டர் குத்தி பாத்துட்டு அப்புறம் மசாலா தடவி அடுக்குங்க. அப்படி சூடு பண்ணினா வெயில்ல காஞ்சதோட அந்த அழுத்தமான ருசி கொஞ்சம் குறையத்தான் செய்யுது, நான் அதுக்கு மிளகாய்த்தூளோட கொஞ்சம் சோம்பும் பூண்டும் அரைச்சு சேத்துக்கறேன்.

சீவின டர்கிய ஃபிரீசர்ல வெக்கறதா இருந்தா ரெண்டு ரெண்டு ஸ்லைசுக்கு நடுவுல பட்டர் பேப்பர் ஒண்ணு வெச்சு அடுக்கி, அதுக்கப்புறம் ஜிப் கவர்ல காத்த வெளிய தள்ளி மூடுங்க, இல்லனா மொத்தமும் ஒரே கட்டியா ஒட்டிக்கும். நாங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு கவர் போட்டு வெச்சிடுவோம், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ண எடுத்து கீழ ஃபிரிட்ஜ்ல வெச்சா காலைல லஞ்ச் பாக்ஸ் கட்டும்போது பதமா இருக்கும்.